பாலத்தடியில் வீல் யார் கையில் இருந்தது

ஓய்வு பெற்ற டிரைவர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு, 'பணிக்காலத்தின் இனிய நினைவு' என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி தம்பி கோதண்டம் கேட்டிருந்தார். கோதண்டம் எங்கள் சங்கச் செயலாளர். எனக்குப் பத்து வருடம் ஜூனியர், திண்டிவனத்தில் ஜீப் ஓட்டியவர், நல்ல பிள்ளை. "நம்ம ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தாங்க லாஞ்ச் ஓட்டினவரு. அதப் பத்தி ஜாலியா எழுதிக் குடுங்க" என்றார்.

ஜாலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதே வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. எங்கேயோ ஓர் ஏரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு மோட்டார் படகு விடப் போகிறார்களாம். படகு ஓட்ட ஆள் வேண்டுமாம். தகுதி: எட்டாம் வகுப்பு தேர்ச்சி, கனரக வாகன ஓட்டுநர் உரிமம். அதைப் படித்ததும் ஜாலி போய்விட்டது. நான் லாஞ்ச் ஓட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், தண்ணீரில் ஓட்டுவதற்கு இன்னும் லாரி லைசென்ஸ்தான் கேட்கிறார்கள். இந்த விதியை எழுதியவர் ஒரு நாளாவது முழங்கால் தண்ணீரில் இறங்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். அதனால் இனிய நினைவு கிடையாது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் கோதண்டத்தின் பாடு.

எனக்குச் சொந்த ஊர் கிளியனூருக்குப் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற பூமி. அப்பா ஏர் பிடிக்கச் சொன்னார், நான் ஸ்டீயரிங் பிடிக்கப் போனேன். மண்டியிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றும் லாரியில் நாலு வருடம் கிளீனர், அப்புறம் லைசென்ஸ், அப்புறம் டிரைவர். கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்று மாமா ஒருவர் பிடுங்கி எடுத்ததில், ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஓர் இலாகாவில் லாரி டிரைவராகச் சேர்ந்தேன். எந்த இலாகா என்று எழுதப் போவதில்லை. ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மூன்று வருடம் நிம்மதியாக ஓடியது.

பிறகுதான் லாஞ்ச் வந்தது. மரக்காணம் பக்கம் கடலை ஒட்டி ஒரு பெரிய கால்வாய் வடக்கே சென்னை வரைக்கும் ஓடுகிறது. அந்தக் காலத்தில் உப்பும் விறகும் படகில்தான் போகும். கால்வாய்க் கரையை அதிகாரிகள் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே போவதற்கென்று கட்டிய மோட்டார் லாஞ்ச் ஒன்று, சென்னையில் சும்மா கிடந்து, எங்கள் டிவிஷனுக்கு வந்து சேர்ந்தது. முப்பதடி நீளம். தேக்குப் பலகை. நடுவில் கேபின், அதில் இரண்டு மெத்தை, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. கேபினுக்கு முன்னால் நின்றுகொண்டு ஓட்டுகிற மாதிரி ஒரு வீல். உடம்பு வெள்ளைக்காரன் காலத்தது, டீசல் எஞ்சின் மட்டும் புதியது.

விழுப்புரம் ஆபீசில் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். டிவிஷனுக்கே பெரியவர் அவர்தான். "வீல் இருக்கு, கியர் இருக்கு, ஆக்ஸிலேட்டர் இருக்கு. உனக்கென்னப்பா கஷ்டம்? திங்கட்கிழமை போய் சார்ஜ் எடுத்துக்க" என்றார். இதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

திங்கட்கிழமை மரக்காணத்தில் லாஞ்சில் ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தார். பெயர் சவரிமுத்து. முகையூர்க்காரர், பெண் எடுத்தது கால்வாய்க் கரையில். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டு உப்புப் படகில் கழி ஊன்றியவர். சென்னையிலிருந்து லாஞ்சை இழுத்து வந்தபோது கூலிக்கு ஏறியவரை, கயிறு கட்டவும் கழி ஊன்றவும் தினக்கூலி லஸ்கராக வைத்துக்கொண்டார்கள். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது நான் 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன், கோபம் வந்தால் 'டா'. அவர் என்னை 'டிரைவருங்க' என்பார். கரம்பு நிலம் நாலு காணி வைத்திருக்கும் வீட்டில் பிறந்ததற்கு எனக்கு மரியாதை, நிலம் இல்லாத சேரியில் பிறந்ததற்கு அவருக்கு 'டா'. அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எஞ்சினைக் கிளப்பினேன். லாஞ்ச் இடது கரையோடு ஒட்டிக் கட்டியிருந்தது. லாரியை ஓரத்திலிருந்து எடுக்கிற மாதிரி வீலை வலது பக்கம் நன்றாக ஒடித்து, கியர் போட்டு, முடுக்கினேன். மூக்கு அழகாகத் திரும்பியது. பின்னாலே மடார் என்று சத்தம். வால் பகுதி போய்க் கரைக் கல்லில் இடித்து, ஒரு பலகை பெயர்ந்துவிட்டது. "இன்னாடா படகு இது, கோணலா இழுக்குது" என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். சவரிமுத்து சிரிக்கவில்லை. கழியை ஊன்றி வாலைத் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டிரைவருங்க, லாரி முன்னால திரும்பும். பின்சக்கரம் அதும் பின்னாலயே போவும். இது அப்பிடி இல்லீங்க. இது வாலால திரும்பும். மூக்கு ஒரு முழம் வலப்பக்கம் போனா, வால் ரெண்டு முழம் இடப்பக்கம் வீசும். நீங்க மூக்கப் பாத்துக்கினே இருக்கிறீங்க. வாலப் பாருங்க."

அந்த ஒரு வாரம் நான் கற்றதை எந்த இலாகாவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்தது மூன்றாவது வகுப்புக்கு மேல் போகாத ஒரு கூலிக்காரர். கிளம்பும்போது முதலில் மூக்குக் கயிற்றை விடாதே, வாலைக் கழியால் நடுக் கால்வாய்க்குத் தள்ளு, பிறகு கயிற்றை விட்டு, பின் கியர் போட்டு வெளியே வா. படகுக்குப் பிரேக் கிடையாது, நிறுத்த வேண்டுமென்றால் பின் கியர்தான். பின் கியர் போட்டால் அந்தப் புரொப்பல்லர் சுற்றுகிற சுற்றுக்கு வால் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும், வீலை எப்படித் திருப்பினாலும் இழுக்கும். அது குறை என்று நான் நினைத்தேன். சவரிமுத்து அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார். கரை இடது பக்கம் வருகிற மாதிரி, மூக்கைச் சற்றே கரைக்குக் காட்டி மெல்ல வந்து, கரைக்கு ஒரு ஆள் தூரம் இருக்கும்போது பின் கியர் போடுவார். லாஞ்ச் நிற்கும், வால் தானாக நகர்ந்து வந்து கரையோடு ஒட்டும். கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை இடைவெளி விட்டு நிற்கும். அதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட உரசியதில்லை.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் வேகம்தான். லாரிக்காரனுக்கு ஆபத்து என்றால் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்துவிடும். அது உடம்பில் ஊறியது, யோசித்துச் செய்வதில்லை. சவரிமுத்து திரும்பத் திரும்பச் சொன்னார்: "சுக்கான் பலகை மேல தண்ணி அடிச்சாத்தான் அது கேக்கும். தண்ணி அடிக்கிறதுக்கு எஞ்சின் தள்ளணும். பின்னால இருந்து வெள்ளம் தள்ளிக்கினு வர்றப்ப நீங்க எஞ்சினைக் கம்மி பண்ணிட்டா, நீங்களும் தண்ணியும் ஒண்ணாப் போவீங்க. சுக்கான் வெறும் பலகை. அப்ப நீங்க டிரைவரு இல்ல, மெதந்துக்கினு போற சருகு. பயமா இருந்தா முடுக்குங்க." பயமாக இருந்தால் முடுக்கு. லாரி ஓட்டியவனுக்கு இதைவிடப் பைத்தியக்காரப் பேச்சு வேறு கிடையாது.

ஆறு மாதத்தில் நானும் ஒரு மாதிரி ஓட்டினேன். ஆனால் உள்ளதைச் சொன்னால், முக்கால்வாசி நாள் ஓட்டியது அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன், எஞ்சினுக்கு எண்ணெய் பார்ப்பேன், லாக் புத்தகத்தில் 'ஓட்டுநர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதுவேன். கால்வாயில் மதகு திறந்து மூடுகிறவர், உப்பளத்து ஆட்கள், எதிரே வரும் படகுக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சவரிமுத்துவைக் கண்டால் உப்புப் படகுக்காரர்கள் வழி ஒதுங்கிக் கை தூக்குவார்கள். அந்தத் தண்ணீரில் அவருக்கு ஒரு பேர் இருந்தது.

எனக்கே மனசு கேட்காமல் ஒரு மனு எழுதினேன். இந்த ஆள் லாஞ்ச் நன்றாக ஓட்டுகிறார், இவரை இரண்டாவது ஓட்டுநராக நிரந்தரம் செய்யலாம் என்று. திண்டிவனம் ஆபீஸ் வழியாக விழுப்புரம் போய், நாலு மாதம் கழித்து இரண்டு வரியில் திரும்பி வந்தது. எட்டாம் வகுப்பு இல்லை, கனரக வாகன உரிமம் இல்லை, ஆகையால் தகுதியில்லை. லாரி ஓட்டத் தெரியாததால் அவருக்குப் படகு ஓட்டத் தெரியாது என்று அர்த்தம். படித்துக் காட்டினேன். "அப்ப லாரி கத்துக்கினா படகு குடுப்பாங்களா?" என்று கேட்டார். கேலியா, நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.

இனி இன்ஜினியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்துகிற அதிகாரிக்கு நான் பயந்ததில்லை, கத்தி முடித்தால் டீ வாங்கித் தருவான். இவர் கத்தவே மாட்டார். வெள்ளை பேண்ட், கான்வாஸ் ஷூ, கையில் ஃபிளாஸ்க். லாஞ்சில் ஏறியதும் மெத்தை மேல் சொந்தத் துண்டை விரித்து உட்காருவார். பேச மாட்டார். அவரிடம் ஒரு பென்சில் இருக்கும். கேபினுக்கும் நான் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பென்சிலால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் கிளம்பு. இரண்டு தட்டு என்றால் மெதுவாக. மூன்று தட்டு என்றால் நிறுத்து. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார், அதோடு சரி. எஞ்சின் சத்தம் அவருக்கு ஆகாது. தண்ணீர் தெறித்தால் ஆகாது. அதனால் பெரும்பாலும் இரண்டு தட்டுதான் விழும். சவரிமுத்துவின் பெயரை அவர் கேட்டதே இல்லை. 'அந்த ஆள்' என்பார்.

அவர் வரும் நாட்களில் வீல் என் கையில் இருக்க வேண்டும். சம்பளம் வாங்குகிற டிரைவர் ஓட்டுவதை அவர் பார்க்க வேண்டும் அல்லவா. சவரிமுத்து மூக்கில் போய் உட்கார்ந்துகொள்வார். திருப்பம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டிக் காட்டுவார், நான் அதைப் பார்த்து வீலைத் திருப்புவேன். இன்ஜினியர் ஒரு தடவை, "பரவாயில்லையே, நல்லா பிக்கப் பண்ணிட்டே" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஓர் ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை. கழுவேலி ஏரி நிரம்பி, அந்தத் தண்ணீர் முழுக்கக் கால்வாயில் விழுந்தது. எப்போதும் அசையாமல் கிடக்கிற கால்வாய் ஆறாக ஓடியது. உப்பளத்துக்கு நடுவே ஒரு மேட்டில் பதினைந்து குடும்பம் சிக்கிக்கொண்டது. அவர்களுக்கு அரிசி மூட்டை கொண்டுபோக வேண்டும், கரை எங்கே உடைந்திருக்கிறது என்று இன்ஜினியரும் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு மழை விட்டது. கிளம்பினோம். நானும், சவரிமுத்தும், கேபினில் இன்ஜினியரும், எட்டு மூட்டை அரிசியும்.

வழியில் ஒரு பழைய கல் பாலம். மூன்று கண். நடுக் கண்ணில் லாஞ்ச் நுழைய இருபுறமும் இரண்டு முழம்தான் மிஞ்சும். அமைதியான தண்ணீரிலேயே நான் அந்தப் பாலத்தில் வீலை அவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு வெள்ளம் எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது. பாலத்தைக் கண்டதும் சவரிமுத்து மூக்கிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"வீல என்கிட்ட குடுங்க."

"சும்மா இருடா. ஐயா பாக்கறாரு."

இந்த வார்த்தையை நான் அப்படியே எழுதுகிறேன். மாற்றவில்லை. பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் ஒரு கூலிக்காரனிடம் வீலைக் கொடுத்தால் எனக்கு அசிங்கம். அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு காரணமும் இல்லை.

"அப்ப முடுக்குங்க. நல்லா முடுக்குங்க. தண்ணியவிட வேகமாப் போனாத்தான் சுக்கான் கேக்கும். ஜல்திங்க" என்றார். முடுக்கினேன். மூக்கு நடுக் கண்ணுக்கு நேராக நின்றது. அந்த இடத்தில் எனக்குத் தைரியம்கூட வந்தது. அப்போது கண்ணாடியில் தட்டல் விழுந்தது. டக், டக். மெதுவாக. நான் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். மறுபடி டக், டக், கொஞ்சம் பலமாக. பாலம் எதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது, லாரிக்காரன் உடம்பும் நிறுத்து நிறுத்து என்றது, பென்சிலும் அதையே சொன்னது. எஞ்சினை முடுக்குகிற கைப்பிடியை, திராட்டிலை, பின்னால் இழுத்துவிட்டேன்.

எஞ்சின் சத்தம் அடங்கியது. வீலைத் திருப்பினால் கையில் ஒரு கனமும் இல்லை, சும்மா சுற்றியது. சவரிமுத்து சொன்ன வெறும் பலகை அதுதான். வால் மெல்ல வலப்பக்கம் வீசியது. லாஞ்ச் குறுக்கே திரும்பி, பக்கவாட்டில் பாலத்தூணை நோக்கிப் போனது. மறுபடி முடுக்க என் கைக்குத் தோன்றவில்லை. சவரிமுத்து கழியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக்கு ஓடித் தூணில் ஊன்றினார். கழி முறிந்தது. அவருடைய வலது கை தூணுக்கும் பலகைக்கும் நடுவில் போனது.

பலகை உடைந்து தண்ணீர் உள்ளே ஏறியது. லாஞ்ச் தூணோடு ஒட்டிக்கொண்டு சாய்ந்தது. பாலத்து மேலே ஊர்க்காரர்கள் கயிறு விட்டார்கள். அந்தக் கயிற்றை இன்ஜினியர் இடுப்பில் கட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு உறைந்து நின்றேன். சவரிமுத்து இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் இன்ஜினியர் கேட்ட முதல் கேள்வி, "என் ஃபைல் எங்கே?" அரிசி வெள்ளத்தோடு போனது. மேட்டில் இருந்தவர்களுக்கு இரண்டு நாள் கழித்து உப்புப் படகுக்காரர்கள்தான் கஞ்சி கொண்டுபோனார்கள்.

விசாரணை விழுப்புரத்தில் நடந்தது. அதற்கு முந்தின நாள் இன்ஜினியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதே மெல்லிய குரல். "வழக்கமா அந்த ஆள்தானே ஓட்டுவான்? எனக்குத் தெரியும். கால்வாய்ல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கும் அவன்தான் ஓட்டினான்னு எழுதிடு. வீலை அவன்கிட்ட விட்டதுக்கு உனக்கு ஒரு வார்னிங், அதோட போயிடும். இல்லேன்னா உன் லைசென்ஸ் போகும். லாரிகூட ஓட்ட முடியாது." ஹெட் கிளார்க் வாக்குமூலத்தை முன்னாலேயே டைப் அடித்து வைத்திருந்தார். இன்ஜினியர் மேஜை மேல் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தட்டு என்றால் கிளம்பு. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து வந்த அதிகாரி மதகுக்காரரைக் கேட்டார்: "லாஞ்சை வழக்கமா யார் ஓட்டுவாங்க?" மதகுக்காரர் பொய் தெரியாத மனுஷன். "சவரிதாங்க ஓட்டுவான். அவன் மாதிரி ஓட்ட ஆளே கெடையாதுங்க" என்றார். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு யார் ஓட்டியது என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. பாலத்திலிருந்து கயிறு விட்டவர்களைக் கூப்பிடவே இல்லை. சவரிமுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீலைப் பிடித்திருந்தவன் கை தூணுக்கும் பலகைக்கும் நடுவில் எப்படிப் போனது என்று கேட்க அந்த அறையில் ஒரு தலைகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே மறைக்கக்கூட இல்லை, இலையில் வைத்துக்கொண்டே இல்லை என்றார்கள். உரிமம் இல்லாத தினக்கூலி லஸ்கர் அனுமதியின்றி ஓட்டியதால் விபத்து என்று முடிவாயிற்று. சவரிமுத்துவை நீக்கினார்கள். லாஞ்சை விறகுக்கு ஏலம் விட்டார்கள். எனக்கு ஜீப். இன்ஜினியருக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு.

நாலைந்து வருடம் கழித்து, மல்லாட்டைப் பருவத்தில், திண்டிவனம் மண்டி வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். மண்டிக் கொட்டகையில் ஓர் ஆள் மூட்டை வாய் தைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். சாக்கை அந்தக் கையால் அமுக்கிக்கொண்டு, இடது கையால் கோணி ஊசியை இழுத்து, நூலைப் பல்லால் கடித்தார். எனக்கு வந்த வழியே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்குள் பார்த்துவிட்டார்.

"இன்னாங்க டிரைவரு, நல்லாகீறீங்களா?"

"இருக்கேன் சவரி. நீ..."

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது. நான் ஓட்டின நாளுல லாஞ்சு மேல ஒரு கீறல் பட்டுதா? சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப நான் இடிச்சேன்னு இன்னாத்துக்கு எழுதினீங்க?" குரலை உயர்த்தவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். "வேல போச்சு, போவட்டும். கூலி வேலதான், எங்கயும் கெடைக்கும். வெரலு போச்சு, அது தண்ணி எடுத்துக்கினு போனது. உங்க புள்ளகுட்டிக்காக எழுதினீங்கன்னு வெச்சுக்கிறேன். ஆனா இப்ப உப்புப் படகுக்காரன்கூட என்னை ஏத்த மாட்டேங்கிறான். 'நீதான பாலத்துல இடிச்சவன்'னு கேக்கறான். என் மாமனாரு சாவறப்பக்கூட அதையே கேட்டுட்டுச் செத்தாரு. நான் இன்னா சொல்றது? கவர்மெண்டு பேப்பர்ல இருக்குதே."

"மாத்தி எழுதிக் குடுக்கறேன்" என்றேன்.

"எழுதுங்க" என்றார். அவ்வளவுதான். மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

எழுதவில்லை. அடுத்த மாதம் எழுதலாம் என்று இருந்தேன். பதவி உயர்வு வரட்டும் என்று இருந்தேன். பென்ஷன் ஆர்டர் கைக்கு வரட்டும் என்று இருந்தேன். பென்ஷன் வந்து பல வருடம் ஆகிறது. சவரிமுத்து போய்ச் சேர்ந்துவிட்டார், யாரோ சொல்லித்தான் தெரிந்தது. இன்ஜினியர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. விளம்பரம் கொடுத்தவர்கள் மேலும் அடங்கவில்லை. ஆனால் பென்சில் தட்டியது அவர் என்றாலும், திராட்டிலை இழுத்த கை என்னுடையது. கையெழுத்துப் போட்டதும் அதே கை.

கோதண்டம் தம்பி, இதில் ஒரு வரியும் வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடுங்கள். சவரிமுத்துவின் மகன் திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மலர் வந்ததும் ஒரு பிரதி அவருக்குப் போக வேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரண்டு பிரதி கூடுதலாகக் கொடுத்தால் மரக்காணத்தில் படகுக்காரர்கள் உட்காருகிற டீக்கடையிலும் வைத்துவிட்டு வருவேன்.

லாக் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு நேரே எழுதியிருக்க வேண்டியது இது. அந்தப் பாலத்தில் லாஞ்சை இடித்தவன் நான். சவரிமுத்து எதிலும் இடித்ததில்லை.